எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த சோப்பு முதலாளி

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தும் ஒன்றும் நேராக வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்தது பின்னால் போகும், பின்னால் நடந்தது முன்னால் வரும், பேரெல்லாம் மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு டீச்சர்தான், "நீங்க வேலை பார்த்த இடத்தப் பத்தி எழுதுங்கம்மா" என்றார். வேலை பார்த்த இடம் என்று நினைத்தால் எனக்கு இடம் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்த முதலாளிதான் வந்து நிற்கிறார்.

அவர் பேரை எழுதப் போவதில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் மதுரையில்தான் எங்கேயோ இருக்கிறார்கள். முதலாளி என்றே எழுதுகிறேன். நாங்கள் கூப்பிட்டதும் அப்படித்தான்.

தெப்பக்குளம் போகிற வழியில் அவருடைய சோப்பு கம்பெனி. துணி துவைக்கிற பார் சோப்பு. நீளமான ஓட்டுக் கொட்டகை. ஒரு கோடியில் கொப்பரையில் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கொதிக்கும், அது ஆம்பளைகள் வேலை. பெட்டியில் ஊற்றி இறுகின பிறகு கம்பியால் அறுத்து, முத்திரை அடித்து, எங்கள் பக்கம் தள்ளுவார்கள். தாள் சுற்றி, ஒட்டி, அடுக்குவது பொம்பளைகள் வேலை. நான் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில் இருக்கும். என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். முதுகு போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இரண்டும் பெண்பிள்ளைகள். அந்தச் சோப்பு வேலைதான் எங்கள் சோறு. கம்பெனி நிற்குமா விழுமா என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயமோ, எங்களுக்கு அதைவிடப் பெரிது.

அவர் எப்படிப்பட்டவர் என்றால், பங்குனி வெயிலிலும் கையில் குடை இருக்கும். "வெயிலுக்கா மொதலாளி?" என்று கேட்டால், "மழைக்கு" என்பார். பட்டப்பகலில் சட்டைப் பையில் டார்ச் லைட். சைக்கிள் கேரியரில் ஒரு சோடி செருப்பு உபரியாகக் கட்டியிருக்கும். காலில் போட்டிருப்பது அறுந்தால் வேண்டுமே என்று. அறுந்து நான் பார்த்ததில்லை. கேரியரில் இருந்த செருப்புதான் வெயிலில் காய்ந்து வாயைப் பிளந்தது.

"வந்து நிக்கிறப்ப ஓடக் கூடாது தாயி. வரதுக்கு முன்னாடியே நாம எந்திரிச்சு நிக்கணும்." இது அவர் அடிக்கடி சொல்வது. இன்னொன்று, "நாம தயாரு." எது நடந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். எண்ணெய் விலை ஏறுதாம் மொதலாளி. ஏறட்டும், நாம தயாரு. லாரி ஓடாதாம். ஓடாட்டிப் போகுது, நாம தயாரு. பேச்சி என்று ஒருத்தி எங்களோடு வேலை பார்த்தாள், வாய் கொஞ்சம் நீளம். அவள் எங்களுக்குள் சொல்வாள்: "இவருக்கு எமன் வந்து நின்னாலும், இரு, எருமைக்குப் புல்லு எடுத்து வச்சிருக்கேன்பாரு."

சிரிப்போம். ஆனால் அவர் சொன்னது அப்போதெல்லாம் நடக்கவும் செய்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு வருசம் ஊரெல்லாம் கரண்ட் வெட்டு. மில்லிலேயே ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். இவர் முந்தின வருசமே எங்கேயோ பழைய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அது போடுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. கொட்டகை முழுக்கப் புகை. ஆனால் ஒரு நாள்கூட முத்திரை மெஷின் நிற்கவில்லை. சுற்றியிருந்த கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், எங்களை அனுப்பவில்லை. இன்னொரு தடவை எண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடியபோது இவர் பின்கட்டில் பீப்பாய் பீப்பாயாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அப்போது அவர் கொட்டகையில் நடந்துவந்த நடை இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வருவார். "என்ன தாயி, சொன்னேனா இல்லையா?"

சொன்னார்தான். நாங்களும் நம்பினோம். அப்படி நம்பினதால்தான் பின்னால் எல்லாம் வந்தது.

தினமும் காலையில் அவர் செய்கிற ஒரு காரியம் உண்டு. முதல் நாள் அறுத்த சோப்பில் ஒன்றை எடுப்பார். எவர்சில்வர் பேசனில் தண்ணீர் பிடித்துவரச் சொல்வார். தன் கைக்குட்டையை நனைத்து, சோப்பைப் போட்டு, இரண்டு கையாலும் கசக்குவார். நுரை பொங்கிப் பேசன் விளிம்பைத் தாண்டும். அதைக் கையில் அள்ளி எங்கள் பக்கம் நீட்டுவார். "பாத்தீகளா? இத எவன் அடிக்க முடியும்?" பிறகு கையைக் கழுவிவிட்டு சாமி படத்தைக் கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். ஒரு நாளும் தப்பாது. அந்த நுரையைப் பார்த்தால் எங்களுக்கும் மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

பேசனில் பிடித்தது கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். நல்ல தண்ணீர். எங்கள் வீடுகளில் அந்தத் தண்ணீர் கிடையாது. எனக்கு வீடு வண்டியூர்ப் பக்கம். பேச்சிக்கும் அங்கேதான். ஆற்றில் தண்ணீர் நின்றுபோனதும் எங்கள் பக்கமெல்லாம் போர் போட்டு அடிபம்பு வைத்தார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலையில் ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும். நாங்கள் சுற்றிக் கொடுக்கிற சோப்பை அதில் போட்டுத் தேய்த்தால் நுரை வராது. திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வீடு கட்டிக்கொண்டு போனவர்கள், நாகமலைப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எல்லோருக்கும் போர்த் தண்ணீர்தான்.

அந்தச் சமயத்தில்தான் சலவைப் பவுடர் வந்தது. ரேடியோவில் பாட்டோடு வந்தது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பவுடருக்கு மாறினார்கள்.

முதலாளியிடம் இதைச் சொல்லாமல் இல்லை. பேச்சி சொன்னாள். "எங்க ஊருத் தண்ணியில நம்ம சோப்பு நுரைக்க மாட்டேங்குது மொதலாளி."

"நல்லாத் தேய்க்கணும் தாயி."

"கை தேஞ்சு போச்சு."

மறுநாள் பேச்சி கலர் குடித்த காலிப் பாட்டில் ஒன்றில் தன் வீட்டு அடிபம்புத் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டாள். காலையில் அவர் பேசன் கேட்டதும் அதை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கைக்குட்டையைப் போட்டுக் கசக்கினார். கசக்கினார், கசக்கிக்கொண்டே இருந்தார். கொப்பரைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து, "எந்தத் தண்ணிடி இது?" என்றார்.

"நான் குடிக்கிற தண்ணி மொதலாளி."

கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் கடகடவென்று சிரித்துவிட்டார். "சோப்புல குத்தம் இல்ல பாத்தியா? தண்ணியிலதான் குத்தம்! ஒரு மழை பேஞ்சு ஆத்துல தண்ணி வந்தா எல்லாம் சரியாப் போகும். இருந்தாலும் நீ சொன்னது நல்லதாப் போச்சு. இதுக்கும் நாம தயாராகிருவோம்."

எப்படித் தயாரானார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அச்சகத்தில் கொடுத்துப் புதிதாகச் சீட்டு அடித்துக்கொண்டு வந்தார். "நல்ல தண்ணீரில் உபயோகிக்கவும்." ஒவ்வொரு சோப்பின் மேலும் அதை ஒட்டச் சொன்னார். நாங்கள் உட்கார்ந்து பசை தடவித் தடவி ஒட்டினோம். என் தெருக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, உங்க மொதலாளி சோப்போட ஒரு குடம் நல்ல தண்ணியும் சேத்துக் குடுப்பாரா?" தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் பவுடர் வருகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் அவர் தயார். கோயம்புத்தூரிலிருந்து பவுடர் கலக்குகிற மெஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய உருளை, பக்கத்தில் மோட்டார். கொட்டகையின் பின்கோடியில் மேடை கட்டி நிறுத்தினார். ஓட்டவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினார். "இப்ப என்ன அவசரம்? சோப்பு ஓடிக்கிட்டு இருக்குல்ல. தேவைன்னு வந்தா ஒரே நாள்ல சுவிட்சைத் தட்டிவிட்டுருவோம்."

வருசா வருசம் ஆயுதபூசைக்கு மட்டும் தார்ப்பாயை எடுப்போம். தூசி தட்டி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போடுவோம். மறுநாள் திரும்ப மூடிவிடுவோம். பேச்சி விடுவாளா? "வருசத்துக்கு ஒருக்காக் குளிப்பாட்டிப் பூ வச்சு உக்கார வைக்கிறாக. மாப்பிள்ளை வீட்டுக்காரன்தான் வரக் காணோம்."

ஒரு நாள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து படிக்கிற பிள்ளைகள் சிலர் வந்தார்கள். ஊரில் இருக்கிற முதலாளிமார்களிடம் போய் ஏதோ கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்களாம். முதலாளிக்கு ஒரே சந்தோசம். அவர்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொல்லி, எங்கள் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள்: "தொழில்ல புது மெஷின், புதுப் பொருள், விலைவாசி, இப்பிடி இனிமே வரப்போற மாற்றங்களுக்கு நீங்க எந்த அளவு தயாரா இருக்கீங்க சார்? முழுசாத் தயாரா, கொஞ்சம் தயாரா, தயார் இல்லையா?"

"முழுசான்னு போடும்மா."

அந்தப் பெண் எழுதிவிட்டு, "எதுக்கெல்லாம் தயாரா இருக்கீங்க சார்?" என்றாள்.

"அது எப்பிடிம்மா சொல்றது? தெரிஞ்சதுக்குத் தயாராகுறது ஒரு பெரிசா? தெரியாததுக்கும் தயாரா இருக்கோம்னு எழுதிக்க." எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன தாயி, நாம தயார்தான?"

"ஆமா மொதலாளி" என்றோம் எல்லோரும். பேச்சியும்தான் சொன்னாள். வேறு என்ன சொல்ல? வந்த பிள்ளைகள் கண்ணுக்கு எங்கள் முதலாளி குறைந்துபோகக் கூடாதே. அந்தப் பெண் மட்டும் போகும்போது தார்ப்பாயை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைக்கக் கூடாது. நல்ல நாள் பொல்லாத நாள் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார். என் மூத்தவளுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காஸ்டிக் பட்டு எங்கள் விரலெல்லாம் தோலுரியும். அதற்குத் தேங்காய் எண்ணெய் ஒரு டப்பாவில் எப்போதும் வைத்திருப்பார். தீரும் முன்னால் அடுத்த டப்பா வந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடங்களில் சத்துணவு போடுகிற திட்டம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வருச ஆடி மாசத்தில் என் நாத்தனார் ஓடிவந்தாள். "ஏ மதினி, நம்ம பள்ளிக்கூடத்துல சத்துணவுக்கு ஆள் எடுக்குறாக. சமைக்கிற வேலை. நீ அஞ்சாப்பு படிச்சிருக்கேல்ல, ஒனக்குக் குடுப்பாக. தலையாரிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கே வா."

என் வீட்டுக்காரரும் போ என்றார். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை. கவர்மெண்ட் காரியம், நின்றுபோகாது. எனக்கும் ஆசைதான். சோப்புக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது எங்கள் கைக்கே தெரிந்தது. முன்பெல்லாம் நிமிர நேரம் இருக்காது. இப்போது மத்தியானத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் நின்றேன். அவரே, "என்ன தாயி?" என்றார். சொன்னேன்.

அவர் எழுந்தார். "வா" என்று சொல்லிவிட்டுப் பின்கோடிக்கு நடந்தார். தார்ப்பாயின் முனையைப் பிடித்துத் தூக்கினார். உள்ளே பச்சை உருளை, போன வருசத்துச் சந்தனப் பொட்டு காய்ந்துபோய் இருந்தது. "இதப் பாத்தியா? இத வச்சுக்கிட்டு நான் ஒங்களையெல்லாம் விட்டுருவேனா? இந்த வருசம் இது ஓடும். பவுடர் போடுறதுக்குப் பொறுப்பா ஒரு ஆளு வேணும்னு நெனச்சப்ப ஒன்னையத்தான் நெனச்சேன். நீ போயி அங்கிட்டுக் கரண்டி புடிக்கப் போறேங்குற." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தி போனா எல்லாரும் போவீக தாயி. எதுக்குப் போகணும்? நாம தயாரு."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அந்த வேலை எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரிக்குக் கிடைத்தது. அவள் வயசாகி ஓய்வு பெறுகிற வரைக்கும் அதில்தான் இருந்தாள். என் நாத்தனார் என்னோடு ஒரு வருசம் பேசவில்லை.

மெஷின் ஓடியது. அந்த வருசமா அடுத்த வருசமா என்று நினைவில்லை, ஐப்பசி மாசம். மெஷின் மேஸ்திரி வந்து தார்ப்பாயை எடுத்துப் பார்த்தால் பெல்ட் வெடித்திருந்தது, மோட்டாருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எல்லாம் மாற்றி, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டார் முதலாளி. உருளை சுற்றியது. வெள்ளையாகப் பவுடர் கொட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும்தான். பேச்சிகூட, "பரவாயில்ல, பொண்ணு வாழ்ந்துருச்சு" என்றாள்.

அது அடைமழைக் காலம். எந்த உப்பை எவ்வளவு போட்டார்களோ, ஈரம் குடித்துப் பைக்குள்ளேயே பவுடர் கல்லாகிவிட்டது. கடைக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் 'டொப்பு டொப்பு' என்று வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "என்னண்ணே, செங்கல் சூளை போட்டீகளா?" என்று கேட்டார். முதலாளி அதையும் பொறுத்துக்கொண்டார். "அடுத்த தடவை கெட்டிக் கவரா வாங்குவோம்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

ஒரு பொங்கல் கழிந்து கம்பெனி மூடினது. மூடினோம் என்றுகூட அவர் சொல்லவில்லை. எங்கள் எல்லோரையும் உட்காரச் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிறோம். திரும்பத் தொறக்குறப்ப ஆள் அனுப்புவேன். அதுவரைக்கும் கோரிப்பாளையத்துல ஒரு பாய் பவுடர் பாக்கெட் போடுற எடம் வச்சிருக்காரு. அங்க சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கே போகலாம்." யார் யார் போகலாம் என்று கையைக் காட்டினார். நான் உண்டு. இளவயசுப் பிள்ளைகள் உண்டு. பேச்சியை அவர் காட்டவில்லை. அவள் விரல் காஸ்டிக்கில் புண்ணாகிப் புண்ணாகி மடங்காமல் போயிருந்தது. பாக்கெட் ஒட்டுகிற வேலைக்கு அந்த விரல் ஆகாது.

பேச்சி எழுந்து நின்றாள். அவள் வாயிலிருந்து கேலி வரும் என்று நினைத்தேன். "எல்லாத்துக்கும் தயாருன்னீக மொதலாளி. எனக்கு என்ன தயார் பண்ணுனீக?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், திரும்பக் கையில் எடுத்தார். பேச்சி பிறகு மாட்டுத்தாவணிப் பக்கம் இட்லிக் கடையில் மாவு கரைக்கப் போனாள் என்று கேள்வி.

கோரிப்பாளையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்து. பவுடர் குவியலிலிருந்து அள்ளி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மெழுகுவர்த்தி நெருப்பில் வாயை ஒட்ட வேண்டும். நாளெல்லாம் தும்மல். மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சல். பாய் நல்ல மாதிரி, அதட்ட மாட்டார். நான் போய்க் கொஞ்ச நாளில் பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

"உங்க மொதலாளி பெரிய மனுசம்மா. ரம்ஜானுக்கு முன்னாடியே வந்து எங்கிட்டப் பேசிட்டாரு. பாய், என்கிட்ட இருக்குற பொம்பளைப் பிள்ளைங்க ஒருநாள் உங்ககிட்ட வரும், இல்லைன்னு சொல்லிரக் கூடாதுன்னாரு. கையப் புடிச்சுக்கிட்டாரும்மா."

என் கையில் இருந்த கவர் நெருப்பில் சுருண்டுபோனது. "எந்த ரம்ஜான் பாய்?" என்று கேட்டேன். நான் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"போனதா? இல்ல, அதுக்கும் முந்தினதா? சரியா ஞாபகம் இல்லையேம்மா. கடை தொறந்த புதுசு. ஏன்?"

"சும்மாதான் பாய்."

சும்மா இல்லை. என் நாத்தனார் சத்துணவு வேலை என்று ஓடிவந்தது ஒரு ரம்ஜான் முடிந்த கையோடு. கோரிப்பாளையம் வழியாகத் தலையாரி வீட்டுக்குப் போனபோது புதுச்சட்டையோடு பிள்ளைகள் திரிந்ததாக அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பாயிடம் போனது அந்த ரம்ஜானுக்கு முன்னால் என்றால், தார்ப்பாயைத் தூக்கி எனக்கு மெஷினைக் காட்டின அன்றைக்கே கம்பெனி நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என்னைப் போக வேண்டாம் என்றிருக்கிறார். அடுத்த வருச ரம்ஜான் என்றால் அப்படி இல்லை. அன்றைக்கு அவர் உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். பிறகு நம்பிக்கை விட்டுப்போய், எங்களுக்காகப் போய்ப் பாய் கையைப் பிடித்திருக்கிறார்.

நாலைந்து வருசம் கழித்து கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். தோளில் கனமான பை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "தாயி! நல்லாருக்கியா? பிள்ளைங்க?" மூத்தவளைக் கட்டிக்கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் பையைத் திறந்து ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறதாம், கரண்ட் கூடிக் குறைந்தால் காப்பாற்றுமாம். "ஊரெல்லாம் டி.வி. வருது தாயி. இப்பவே முந்திக்கணும். கடை கடையா எறங்கிக்கிட்டு இருக்கேன்." மூச்சு வாங்கியது அவருக்கு.

அப்போது கேட்டிருக்கலாம். "மொதலாளி, ஒண்ணு கேக்கணும்" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன்.

"கேளு தாயி."

அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் நின்று நின்று உதடு வெடித்திருந்தது. "வீட்ல அம்மா நல்லாருக்காகளா?" என்று கேட்டேன்.

"இருக்கா, இருக்கா" என்றார். வண்டியூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இறந்துபோன செய்திகூடக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

இதில் நான் எழுதினது பலதும் தப்பாக இருக்கலாம். ஜெனரேட்டர் முந்தியா எண்ணெய் முந்தியா, மெஷின் பச்சையா நீலமா, பேச்சி கொண்டுவந்தது கலர் பாட்டிலா சோடா பாட்டிலா, அதெல்லாம் எப்படி இருந்தாலும் போகட்டும். யாரும் திருத்த வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்சந்தில் பவுடர் பாக்கெட் போட்ட அந்தப் பாய் இப்போது இல்லை. அவர் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படித்தால், கடை எந்த வருச ரம்ஜானுக்கு முன்னால் திறந்தது என்று வீட்டில் கேட்டு, எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியப்படுத்தினால் போதும். சத்துணவு வந்த வருசமா, அதற்கு அடுத்த வருசமா? எனக்கு வயசு எண்பதைத் தொடப் போகிறது. அந்த மனுசனை நினைக்கிறபோது கை கூப்புவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தெரியாமலே இத்தனை காலம் இருந்துவிட்டேன். இதற்கு மேலும் அப்படி இருக்க எனக்கு அலுப்பாக இருக்கிறது.